அப்பாவின் எம்.ஆர்.ஐ. சிடி: மகள் எதைப் படிக்கலாம்?

வணக்கம் அம்மா. பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் பிளஸ் டூ படிக்கும் மகள், அப்பாவின் எம்.ஆர்.ஐ. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு நள்ளிரவு வரை பார்த்தாள் என்றும், அன்றிலிருந்து பிசியோதெரபியா, கம்ப்யூட்டரா என்று வீட்டில் ஒரே பேச்சு என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதுகு டிஸ்க்கின் படம் பிளாஸ்டிக் டிஸ்க்கில் வந்ததில் கிளம்பிய குழப்பம்! அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அதில் எதைத் தேடினாள்?

முதுகில் கோளாறு என்றால் அப்பாவுக்குக் கால் ஏன் இழுக்கிறது என்று யோசித்தாளா? முள்ளெலும்புகளுக்கு இடையே 23 டிஸ்க்குகள் உண்டு. நடுவில் கூழ், சுற்றிலும் நார் வளையம். சுமை அதிகம் தாங்குவது இடுப்புப் பகுதி. அங்கே நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலில் இறங்கும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. அதில் பிசியோதெரபிஸ்ட்டுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும், வலியில் எரிச்சலாக இருப்பவரிடம் சலிக்காமல் பேச வேண்டும். ஆட்களோடு பழகப் பிடிக்காத பிள்ளைக்கு அது தண்டனை.

இல்லை, சிடியில் சாதாரண போட்டோ ஃபைல் ஏன் இல்லை என்று நோண்டினாளா? மருத்துவப் படங்கள் டைகாம் என்ற வடிவத்தில் வரும். நோயாளியின் பெயர், வயது, எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் எடுத்த படம் என்பதெல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கும். ஆஸ்பத்திரி சர்வரில் ஒரு ஹார்டு டிஸ்க் பழுதானாலும் படம் போகாதபடி பல டிஸ்க்குகளில் பகிர்ந்து வைப்பார்கள். இந்தப் பக்கம் மனம் போனால், மருத்துவக் கருவிகளுக்கான பொறியியலான பி.இ. பயோமெடிக்கல் பொருத்தமாக இருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டும் இங்கே வரலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில், அதாவது ஆஸ்பத்திரித் தேவைகளுக்கான பொறியியலில், எம்.டெக். நடத்துகின்றன, அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுக்கும் வேலையே பிடித்திருந்தால் ரேடியோகிராபி பி.எஸ்சி. இருக்கிறது. அதை ஏனோ யாரும் நினைப்பதில்லை.

பிசியோதெரபிக்குக் கணக்கு எதற்கு என்று மாமா சொன்னதை வைத்து அவள் கணக்கைக் கைவிட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் 100 கணக்கிலிருந்துதான் வருகிறது. பிசியோதெரபி சேர்க்கைக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும் இந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். அதற்கு முன் எந்த ஏஜென்ட்டிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.