குல்மார்க்குக்கு எத்தனை மில்லிமீட்டர்?

(வாசகர் கேள்விகள். பதில் எழுதுபவர் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவர். அதில் ஒன்பது குளிர்காலம் காஷ்மீர்ப் பனியில். இப்போது மண்டபத்தில் வசிக்கிறார்.)

கேள்வி: சுபேதார் ஐயாவுக்கு சலாம். சொந்த ஊர் கீழக்கரை. எட்டு வருடமாகத் துபாயில் வேலை. அங்கே மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்தில்தான் ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு பழகினேன். மாதம் இரண்டு தடவையாவது போய்விடுவேன். வரும் பிப்ரவரியில் நண்பர்கள் நாலு பேர் ஒன்பது நாள் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம். இந்தத் தடவை சொந்தமாக ஒரு ஜோடி ஸ்கீ பலகை வாங்கிவிடலாம் என்று ஆசை. "குல்மார்க் என்றால் பவுடர்தான், மாவு மாதிரிப் புதுப்பனி, 115 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீழே தொடாதே" என்கிறார் மச்சான். கடைக்காரர் 88 போதும் என்கிறார். எனக்கு எடை 68 கிலோ, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மச்சான் சொல்வது குல்மார்க்கில் பனி கொட்டிய மறுநாள் காலைக்கு. கடைக்காரர் சொல்வது நீங்கள் பழகிய துபாய் பனிக்கு. உங்களுக்கு வேண்டியது அந்த ஒன்பது நாளுக்கும் சேர்த்து ஒரு பலகை.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்வோம், ஏனென்றால் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எதைச் சொல்கிறது என்றே தெரிவதில்லை. பலகையின் மேல் 132-98-120 என்கிற மாதிரி மூன்று எண் அச்சிட்டிருக்கும். மூக்கு, இடுப்பு, வால் ஆகிய மூன்றின் அகலம், மில்லிமீட்டரில். நடு எண்தான் இடுப்பு, பூட்ஸுக்கு நேர் கீழே பலகை ஒடுங்கும் இடம். 88, 115 என்று எல்லோரும் பேசுவது அதைத்தான். மொத்தத்தில் 85-க்குக் கீழே இருப்பவை இறுகிய தடத்துக்கு. 105, 110-க்கு மேலே பவுடருக்கு. நடுவில் இருப்பவை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

ஒல்லிப் பலகை பவுடரில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 1988 பிப்ரவரி. எங்களுக்குக் கொடுத்திருந்தது இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான பலகை, இடுப்பு 65 இருக்கலாம். மூன்று நாள் விடாமல் கொட்டி அன்று காலைதான் வெளுத்திருந்தது. நாலாவது திருப்பத்தில் மூக்கு உள்ளே போனது, பின்னாலேயே நானும் போனேன். எழுந்து பார்த்தால் தொடைவரை பனி, இடது காலில் பலகை இல்லை. எங்கள் ஊர் வடகடல் சேற்றில் காலாலேயே தடவி மட்டி எடுப்பார்களே, அதே மாதிரி வரிசை போட்டுக் கைத்தடியால் குத்திக் குத்தித் தேடினோம், ஐந்து பேர். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் விழுந்த இடத்துக்குப் பத்தடி மேலேயே கிடந்தது. அன்றிலிருந்து இரண்டு பலகையிலும் சிவப்பு நாடா கட்டிவிடுவேன். நீங்களும் கட்டுங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்தப் பனி எவ்வளவு லேசு என்றால், பத்துக் குடம் அள்ளி உருக்கினால் ஒரு குடம் தண்ணீர் தேறினால் அதிகம். அதன் மேல் மனிதன் நிற்க வேண்டும். டேப் வைத்து அளந்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாமான்களோடு நீங்கள் 78 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறும் பூட்ஸோடு நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 145 கிராம் அழுத்தும். 98 இடுப்புள்ள பலகையில் ஏறினால் அது 20 கிராம். 88-இல் நின்றால் 22 கிராம் சொச்சம். மச்சானின் 115-இல் நின்றால் 17, 18. பார்த்தீர்களா, பெரிய லாபம் பலகையில் ஏறியதுமே கிடைத்துவிடுகிறது. 98-இலிருந்து 115-க்குத் தாவினால் கூடக் கிடைக்கும் பரப்பு ஏழில் ஒரு பங்குதான்.

சரி, அந்த ஏழில் ஒரு பங்கு சும்மா வருகிறதா? வராது. இறுகிய பனியில் உங்களைப் பிடித்து நிறுத்துவது பலகையின் ஓரத்தில் பதித்த எஃகுப் பட்டைதான். அது பனியைக் கடிக்க, பலகையை ஒருக்களிக்க வேண்டும். 75 பலகையில் பட்டை உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 37 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். 115-இல் 57. நம்ப முடியாவிட்டால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரல் அகல மரச்சட்டத்தின் மேல் ஒற்றைக் காலை நீளவாக்கில் வைத்து, அதை ஓரத்தில் நிறுத்தப் பாருங்கள். சுலபமாகச் சாயும். அப்புறம் பாதத்தைவிட அகலமான ஒரு பலகைத் துண்டில் அதையே செய்யுங்கள். கணுக்கால் இழுக்கும், முழங்காலின் உள்பக்கம் ஒரு நரம்பு பேசும். அதை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்வதுதான் பனிக்கட்டி மேல் அகலப் பலகை.

இது ஏட்டுப் பாடம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு சில குளிர்காலங்கள் சுற்றுலாக் குழுக்களோடு குல்மார்க் போனேன். ஒரு வருடம் வாடகைக் கடையில் (பெயர் எதற்கு) என் அளவுக்கு வேறு இல்லை என்று 116-ஐத் தலையில் கட்டிவிட்டார்கள். நல்ல விலையுள்ள பலகைதான். ஆனால் ஐந்து நாளாகப் பனியே விழவில்லை. பகலில் உருகி இரவில் உறைந்து சரிவெல்லாம் சிமெண்டுத் தரை. மூன்றாம் நாள் வலது முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. மீதி நாள் ஓட்டலில் கஹ்வா என்கிற காஷ்மீர்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

குல்மார்க்கின் ஒரு நாளை அப்படியே சொல்கிறேன், முடிவை நீங்களே எடுப்பீர்கள். கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையேறும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது. அதில் ஏறினால் அபர்வாட் மலைத்தோளில் ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். பனி விழுந்த மறுநாள் காலை அங்கே முழங்கால் ஆழத்துக்குப் பவுடர். அதுதான் மச்சான் சொல்லும் சொர்க்கம். பகல் பன்னிரண்டு ஆவதற்குள் நூறு பேர் உழுத வயல் மாதிரி கட்டியும் பள்ளமுமாக ஆகிவிடும். காற்று அடித்த முகட்டில் மேலே அப்பளம் மாதிரி ஓர் ஓடு, கீழே மாவு. கொங்தூரி நடு நிலையத்துக்குக் கீழே வந்தால் இறுகிய தடம். மூன்று மணிக்கு வெயில் பட்ட பக்கமெல்லாம் ஈரக் கஞ்சி. ஒரே இறக்கத்தில் நாலு தரை! ஒன்பது நாளில் இரண்டு மூன்று நாள் புதுப்பனி கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை குல்மார்க்கில் புல் தெரிந்தது, நினைவிருக்கிறதா?

மண்டபத்துக்காரனுக்கு இது புதிதில்லை. எங்களுக்கு வீட்டுக்கு இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். அப்பாவிடம் இருந்தது ஒரே வல்லம். வாடை அடிக்கும் மாதங்களில் தெற்கே தொழில், கச்சான் காற்று மாதங்களில் வடக்கே. வடகடலின் ஆழமில்லாத சேற்றுத் தண்ணீருக்கு என்றே கட்டியிருந்தால் அடியை இன்னும் தட்டையாக்கியிருக்கலாம். தென்கடல் அலையில் அது பேயாட்டம் ஆடும். அதனால் நடுவாகக் கட்டச் சொன்னார். இரண்டு கடலிலும் அதைக் குறை சொல்லிக்கொண்டேதான் ஓட்டினார். ஆனால் வருடம் முழுக்க ஓட்டினார்.

ஆகவே தம்பி, இடுப்பு 96-இலிருந்து 100-க்குள், நீளம் 172 வாக்கில். மூக்கு கொஞ்சம் சீக்கிரமே மேலே எழும்புகிற ராக்கர் வகையாக இருக்கட்டும். காலடியில் மட்டும் வில் மாதிரி கேம்பர் இருக்க வேண்டும். பவுடரில் உங்களை மிதக்க வைப்பதில் பாதி வேலை அந்த எழும்பிய மூக்குடையது. அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ரொம்ப லேசான பலகையும் வேண்டாம். உழுத பனியில் எடையுள்ள பலகை கட்டியைப் பிளந்துகொண்டு போகும், லேசானது ஒவ்வொரு கட்டிக்கும் துள்ளும். பவுடரில் பின்னால் சாயச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எங்கள் காலத்து ஒல்லிப் பலகைக்குச் சொன்ன பாடம். நடுவில் நின்று, கொஞ்சம் வேகம் கொடுங்கள். வேகம் வந்தால் பலகை தானே மேலே வரும், முடுக்கினால் படகின் முகப்பு எழும்புகிற மாதிரி.

சொல்ல வந்ததால் ஒரு சங்கதி. ஷேன் மெக்கான்கி என்ற சறுக்குவீரர் தண்ணீரில் சறுக்கும் வாட்டர் ஸ்கீயை எடுத்து, அதில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டி, அலாஸ்காவின் பனிமலையில் ஓட்டிப் பார்த்தார். ஆழ்ந்த பவுடர் தரையைவிடத் தண்ணீருக்குத்தான் நெருக்கம் என்பது அவர் எண்ணம். அந்த யோசனையிலிருந்து 2000-களின் தொடக்கத்தில் ஸ்பாட்டுலா என்ற பலகை வந்தது. இடுப்பு 125, அடிப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைவு. இன்றைய அகலப் பலகைகளில் பலவும் அதன் பிள்ளைகள். இதைக் கேள்விப்பட்டபோது, இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்க வேண்டியதல்லவா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்னும் இரண்டு மூன்று விஷயம். கழன்ற பலகை ஓடிப்போகாமல் பிடிக்கிற பைண்டிங் பிரேக்குக்கும் அகலம் உண்டு. 98 பலகைக்கு 100 அல்லது 110 போதும். 130 போட்டால் வெளியே நீட்டிக்கொண்டு தடத்தில் உரசும். பைண்டிங் எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், உங்கள் திறமை எல்லாம் பார்த்துக் கடைக்காரர் அட்டவணைப்படி வைக்க வேண்டும். குத்துமதிப்பாக வைக்க விடாதீர்கள். காசு குறைவாக இருந்தால் பலகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். என் அபிப்பிராயத்தில் அதுதான் இன்னும் நல்ல யோசனை. பனி கொட்டிய அன்று ஒரு நாளைக்கு மட்டும் 112-ஐ வாடகைக்கு எடுத்து மச்சான் பேச்சையும் காப்பாற்றுங்கள்.

மேல் நிலையத்திலிருந்து இறங்கினால் ரோந்துக் குழு கவனிக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். தாண்டுவதென்றால் உள்ளூர் வழிகாட்டி, பனிச்சரிவில் புதைந்தவரைக் காட்டும் பீக்கன், நீளக் கம்பி, மண்வாரி நாலும் வேண்டும். துபாய்க் கூடத்தில் மலை மேலே வந்து விழாது. இங்கே விழும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, 41 கிலோ. பள்ளியிலிருந்து ஸ்கீ பழக உத்தராகண்டில் உள்ள ஆலிக்கு அழைத்துப் போகிறார்கள். "அகலமான பலகை பத்திரம், கவிழாது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அப்படியா?
– ஒரு தாய், ராமநாதபுரம்

பதில்: இல்லை அம்மா. படகுக்கு அது சரி, ஸ்கீக்குப் பொருந்தாது. ஆலியில் பிள்ளைகளை விடுவது சீர்செய்த சரிவில்தான். அங்கே 70, 75 இடுப்புள்ள, நிறுத்தினால் அவள் முகவாய்க்கு எட்டுகிற நீளத்தில் ஒரு பலகை. அவ்வளவுதான். எடை குறைந்த பிள்ளைக்கு அகலப் பலகையைத் திருப்பவே தெம்பு போதாது. எதையும் விலைக்கு வாங்காதீர்கள், அடுத்த வருடம் வளர்ந்துவிடுவாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுங்கள், கையுறைக்குள் போட மெல்லிய இன்னோர் உறையும். முதல் நாள் அழுதுகொண்டே போன் செய்வாள். திரும்பி வரச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: தனுஷ்கோடி மணல்மேட்டில் ஸ்கீ ஓட்ட முடியுமா சார்? யூடியூபில் பார்த்தேன்.
– கல்லூரி மாணவன், உச்சிப்புளி

பதில்: பெரு நாட்டிலும் நமீபியாவிலும் ஓட்டுகிறார்கள், அங்கே மணல் மலையளவு நிற்கிறது. பனியில் பலகை வழுக்குவதற்குக் காரணம், உரசும் இடத்தில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம். மணலில் அது கிடையாது. சரிவு நன்றாகச் செங்குத்தாக இருந்தால்தான் நகரவே செய்யும். நம்முடைய மேடு நாலு எட்டில் முடிந்துவிடும், நல்ல பலகையின் அடியும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகிவிடும். எனக்குத் தெரியாதா என்று கேட்காதே, 1991-இல் விடுமுறையில் வந்தபோது ஒரு பழைய ஜோடியைக் கொண்டுவந்து முயன்றவன் நான். பத்தடி போனேன். அதற்குள் எங்கிருந்தோ வந்த இரண்டு பொடியன்கள் பனைமட்டையில் உட்கார்ந்து என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.