நாலு பேர் நகர்த்திய அலமாரியும் சாயும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. படுக்கையறையில் நாலு இழுப்பறை கொண்ட மர அலமாரி இருக்கிறது. அதன் மேல் டிவி. இப்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து, கால் வைத்து ஏறப் பார்க்கிறான். அலமாரியைச் சுவரோடு பிணைக்கலாம் என்றால், "நாலு பேர் சேர்ந்து நகர்த்திய சாமான், இந்தப் பொடியன் இழுத்தா விழப்போகிறது?" என்கிறார் கணவர். வாடகை வீட்டுச் சுவரில் துளை போடவும் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் டிவியை அங்கிருந்து இறக்குங்கள், அம்மா. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மூடிய அலமாரியை உங்கள் பிள்ளையால் அசைக்க முடியாது. அதுவரை கணவர் சொல்வது சரி. ஆனால் அவன் இழுப்பறைகளைத் திறந்துகொண்டல்லவா ஏறுகிறான்? ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, உள்ளே இருக்கும் துணியின் பாரமெல்லாம் முன்கால்களைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. அதோடு குழந்தையின் எடையும் சேர்ந்தால் பின்கால்கள் தரையை விட்டு எழும்பும். கார்ப்பெட் மேல் நின்றால் இன்னும் சுலபமாகச் சாயும். அப்போது அந்த நாலு பேர் தூக்கிய கனம் முழுவதும் பிள்ளை மேல்தான் இறங்கும்.

அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல் தயாராகும் துணி அலமாரிகளை, 27 கிலோ வரையுள்ள குழந்தை ஏறினாலும் இழுத்தாலும் சாயாதா என்று சோதித்தாக வேண்டும். அப்படியொரு விதி தேவைப்பட்டது என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். நாம்தான் பக்கத்தில் இருக்கிறோமே என்றும் நினைக்க வேண்டாம். இந்த விபத்துகள் அதிகம் நடப்பது படுக்கையறையில். பிள்ளை தூங்குகிறான் என்று நாம் வெளியே வந்திருப்போம். அவன் எழுந்து ஏறத் தொடங்கியிருப்பான்.

மர வேலை செய்கிறவனாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அலமாரியின் முதுகுப் பலகையில் ஸ்க்ரூ அடிக்காதீர்கள். அது மெல்லியது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மேல்பலகைக்குக் கீழே ஓடும் கெட்டியான சட்டத்தில்தான், அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் கிளாம்பைப் பிடிக்க வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். செங்கல் சுவராக இருந்தால் பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் போகும்படி துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்குங்கள். ஜிப்சம் தடுப்பு என்றால் அதன் பின்னால் இருக்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் முடுக்குங்கள். வெறும் ஜிப்சம் பலகை தாங்காது. கிளாம்புக்குப் பதில் பட்டை போட்டால் தொளதொளவென்று விடாதீர்கள். ஒட்டும் டேப்பை நம்பவே நம்பாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலி செய்யும்போது பட்டி பார்த்துப் பெயின்ட் பூசினால் துளை தெரியாது.

டிவியைச் சுவரில் மாட்டுவதே நல்லது. முடியாவிட்டால் தாழ்வான, அகலமான ஸ்டாண்டில் வைத்து, பின்பக்கம் பட்டை போட்டுச் சுவரோடு பிணையுங்கள். வயர் பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. பழைய பெட்டி டிவி என்றால் கண்ணாடியின் கனமெல்லாம் முன்பக்கம்தான். பயன்படுத்தவில்லையென்றால் வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.

கனமான துணிகளைக் கீழ் இழுப்பறையில் வையுங்கள். ரிமோட், பொம்மை எதுவும் அலமாரி மேல் இருக்க வேண்டாம்; அதை எடுக்கத்தான் பிள்ளைகள் ஏறுகிறார்கள். புத்தக அலமாரி இருந்தால் அதையும் இதே கையோடு பிணைத்துவிடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியை இடம் மாற்றினால் அன்றைக்கே மறுபடி பிணைத்துவிட வேண்டும்.