கொச்சிக்காய்க் கன்றுகளின் இலை மஞ்சளாவது எந்தக் குறையால் என்று எப்படி அறிவது?

மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டு வளவில் சாடிகளில் வைத்த கொச்சிக்காய்க் கன்றுகள் மஞ்சளாகின்றன என்றும், இரண்டு தடவை யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை என்றும், அடுத்து எந்தப் பசளை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதையும் வாங்குவதற்கு முன்னர், மஞ்சள் முதலில் அடியிலைகளில் தொடங்கியதா அல்லது கொழுந்தில் தொடங்கியதா என்று பாருங்கள். கேள்வியில் அது இல்லை. ஆனால் விடையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

யூரியா தரும் தழைச்சத்து (நைதரசன்), மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை என்பதால், அவை போதாதபோது செடி தன் பழைய இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. ஆகவே குறை அடியிலைகளில் தெரியும். தழைச்சத்துக் குறைந்தால் இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறும். மக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். பொட்டாசியம் குறைந்தால் இலையின் விளிம்பு காய்ந்து கருகும். இரும்பும் நாகமும் (சிங்க்) இவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை. அவற்றின் குறை இளம் இலைகளிலேயே முதலில் வெளிப்படும். காய் பிடிக்கும் காலத்தில் அடியிலுள்ள ஓரிரு இலைகள் பழுத்து விழுவது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

களுவாஞ்சிகுடிப் பக்கம் மணல் வளவில் நெடுங்காலமாகக் கன்று வைத்து வருபவன் என்ற முறையில் சொல்வதானால், எழுவான்கரை எனப்படும், வாவிக்குக் கிழக்கேயுள்ள கரையோர வளவுகளில் யூரியாவுக்கு அசையாத மஞ்சள் பெரும்பாலும் இரும்புக் குறையாகவே இருக்கும் என்பது என் கருத்து. கொழுந்திலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சளான, சில வேளை ஏறக்குறைய வெள்ளையான பரப்பில் மெல்லிய பச்சை நரம்புகள் வலைபோல் தெளிவாகத் தெரிந்தால் ஐயம் பெரிதும் தீர்ந்துவிடும். இதற்குக் காரணம் மண்ணில் இரும்பு இல்லாமை அன்று. சிப்பித் தூள் கலந்த மணலும் சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரும் சேர்ந்து மண்ணைக் காரத்தன்மை ஆக்கிவிட, இருக்கும் இரும்பை வேரால் உறிஞ்ச முடியாமற் போகிறது. தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடிப்பாக ஏறுகிறதா, சாடியின் விளிம்பில் வெண்மையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி விட்டால் நுரைத்துப் பொங்கும் என்றால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அத்தகைய மண்ணுக்கு டொலமைற் என்னும் சுண்ணாம்புக் கல் தூளோ அடுப்புச் சாம்பலோ இடுவது, நல்லெண்ணத்துடன் யார் சொன்னாலும், நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பெரஸ் சல்பேற் என்னும் இரும்பு உப்பை லீற்றருக்கு இரண்டு மூன்று கிராம் வீதம் கரைத்து, சிறிது தேசிக்காய்ச் சாறு சேர்த்து, அன்றே கலந்த கரைசலை மாலையில் ஒரு கிளையின் கொழுந்துக்கு மட்டும் தெளியுங்கள். குறை இரும்பினுடையதே என்றால், சில நாட்களில் துளி விழுந்த இடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சை பிடிப்பதைக் காணலாம். பின்னர் வரும் இலைகளுக்கு இந்தத் தெளிப்பு உதவாது. நிலையான தீர்வுக்கு மாரியில் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும், மக்கிய மாட்டெருவைத் தாராளமாகக் கலப்பதும், காரமண்ணிலும் கரைந்து நிற்கும் ஈடிடிஎச்ஏ வகை இரும்பை வேரில் இடுவதும் பயன் தரும்.

மாரி மழைக்குப் பின் அடியிலைகள் சீராக வெளிறியிருந்தால் அது வேறு கதை. மணலில் தழைச்சத்து தங்காது. பெருமழை அதை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண் வயலுக்கு இடுவதுபோல் ஒரேயடியாக இடாமல், பத்து லீற்றர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா என்ற அளவில் கரைத்து, வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஊற்றுவதே பொருத்தம். அதற்கு முன் சாடியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும் செடியும் மஞ்சளாகும், அதற்கு யூரியா நஞ்சாகிவிடும். மக்னீசியக் குறைக்கு எப்சம் உப்பை லீற்றருக்குப் பத்துக் கிராம் கரைத்து இலையில் தெளித்தால் போதும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை நுனியும் விளிம்பும் கருகினால், பொட்டாசியத்தை நினைப்பதற்கு முன் உப்பை நினைக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நாவலடி போன்ற இடங்களில் கோடையில் கிணற்று நீர் உவர்ப்பது வழமை. அந்நிலையில், குளோரைட் கலந்த மியூரியேற் ஒப் பொட்டாஷ் என்ற பொட்டாசியப் பசளையை இடுவது எரிகிற செடிக்கு மேலும் உப்பு வார்ப்பதாகும். உவர்ப்பில்லாத நீரைச் சாடியின் அடியால் வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கி மடங்கினால் சிற்றுண்ணியையும் தேடுங்கள். இரண்டும் மிகச் சிறியவை என்பதால் வெள்ளைத் தாளின்மேல் கொழுந்தைத் தட்டிப் பார்ப்பது எளிது. இலை சிறுத்து, தடித்து, மஞ்சளாகிச் சுருண்டு, செடியும் குட்டையாகி, அசைத்தால் வெண் ஈக்கள் பறக்குமானால் அது இலைச்சுருள் வைரசாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கன்றைப் பிடுங்கிவிட்டு, மற்றக் கன்றுகளுக்குப் பரவாமல் வெண் ஈயை வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த நீரால் கட்டுப்படுத்துங்கள்.

அப்படியும் தெளிவு பிறக்காவிட்டால், அடியிலை ஒன்றும் கொழுந்து ஒன்றுமாகப் பறித்துத் தாளில் சுற்றி, வாடுவதற்கு முன் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.