கருவாட்டுக் குழம்பும் மருமகனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கொங்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி உண்டு, எப்போதாவது மீன் உண்டு. கருவாடு மட்டும் வாசற்படி ஏறியதில்லை. என் மனைவி நாகப்பட்டினத்தை அடுத்த கடலோர ஊரைச் சேர்ந்தவர். நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் அத்தை எனக்காகவே கருவாட்டுக் குழம்பு வைக்கிறார். நானோ அதன் வாசனை எழுந்ததுமே ஏதாவது காரணம் சொல்லி வெளியே போய்விடுகிறேன். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் என் மனைவி ஒருமுறை நெத்திலிக் கருவாடு வறுத்ததற்குக் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதமே நடந்தது. அன்று நான் அவருக்காகப் பேசவில்லை. எனக்கும் அந்த வாசனை பிடிக்கவில்லை என்பதே காரணம். பிடிக்காத ஓர் உணவை வளர்ந்த பிறகு பழகிக்கொள்ள முடியுமா? அல்லது பிடித்ததுபோல் காட்டிக்கொண்டு சாப்பிட்டுவிடுவதுதான் மரியாதையா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

பழகிக்கொள்ள முடியும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இதுவரை கருவாட்டைச் சாப்பிட்டதே இல்லை. வாசனை எழுந்ததும் வெளியே போய்விடுவதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதன் சுவை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று இப்போதே முடிவுகட்ட வழியில்லை. அடுப்பிலிருந்து காற்றில் வந்து மூக்கில் ஏறும் வாசனையும், வாயில் மெல்லும்போது தொண்டையின் பின்புறமாக மூக்கை அடையும் வாசனையும் மூளைக்கு ஒன்றாகத் தெரிவதில்லை என்பதை உளவியலாளர் பால் ரோசின் 1982-இலேயே விளக்கியிருக்கிறார். முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் பாலாடைக்கட்டியை அதே மனிதர்கள் வாயில் போட்டதும் விரும்புவது இதனால்தான். கருவாட்டை உண்பவர்களிலும் பலர் அதன் பச்சை வாசனையை விரும்புவதில்லை. அவர்கள் விரும்புவது குழம்பில் வெந்து சோற்றோடு சேர்ந்த கருவாட்டை.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அச்சம் பாதி குறையும். கடல்மீன்களின் தசையில் டிரைமெத்தில்அமீன் ஆக்சைடு என்னும் வாசனையற்ற சேர்மம் இருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்தில்அமீனாக மாற்றுகின்றன. மீன் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். சுறா, திருக்கை போன்றவற்றின் உடலில் யூரியாவும் மிகுதியாக இருப்பதால், அது சிதைந்து அம்மோனியாவாகி, அவற்றின் கருவாட்டுக்கு மூக்கைத் துளைக்கும் நெடி வந்துவிடுகிறது. இவ்வளவு கடுமையான பால்சுறாக் கருவாட்டைத்தான் கடலோர வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அக்கறையோடு சமைத்துத் தருகிறார்கள். டிரைமெத்தில்அமீனும் அம்மோனியாவும் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டவை; புளியின் அமிலம் பட்டதும் அவை உப்புகளாக மாறி, காற்றில் கலந்து எழும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. கருவாட்டுக் குழம்புக்கு ஏன் புளியைக் கெட்டியாகக் கரைக்கிறார்கள் என்று உங்கள் அத்தையைக் கேட்டால் வேதியியல் பெயர் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் புளி குறைந்தால் என்ன ஆகும் என்று துல்லியமாகச் சொல்வார்.

சுவைக்கும் இதைப்போலவே ஒரு காரணம் உண்டு. உப்பும் வெயிலும் மீனின் நீரை வாங்கிவிட, எஞ்சியிருக்கும் புரதத்தின் ஒரு பகுதி அமினோ அமிலங்களாகப் பிரிந்து செறிவடைகிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்னும் அமினோ அமில வகையைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றில் அடங்காத தனிச்சுவை அது என்றார். 1913-இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, உலர்த்திய சூரை மீனிலிருந்து அதே வகைச் சுவையைத் தரும் இனோசினேட்டைக் கண்டறிந்தார். சூரையை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்த மாசிக் கருவாடு இலங்கையிலும் தென்தமிழகக் கடற்கரையிலும் காலங்காலமாகப் புழங்குவதுதானே. இடித்த மாசி ஒரு சிட்டிகை சேர்ந்த சம்பலை உண்டவர்கள் அது இல்லாத சம்பலை வெறுமையாக உணர்வதற்கு இந்தச் சேர்மங்களே காரணம்.

உங்கள் மனைவிக்கு இயல்பாக வந்த விருப்பம் உங்களுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கிறது. அவருக்கும் அது பழக்கத்தால் வந்ததுதான். உங்களை விட மிக முன்னதாகவே அவர் பழகத் தொடங்கிவிட்டார், அவ்வளவே. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், திட உணவு தொடங்கியபோது கேரட் சுவையுள்ள கூழை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்து ஏற்றன. கடலோரத்துக் குழந்தை கருவறையிலேயே கருவாட்டை அறிந்துகொள்கிறது என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

பெயரும் சூழலும் மூக்கை எவ்வளவு ஆள்கின்றன என்பதற்கு 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே வாசனையை முகரக் கொடுத்து, சில முறை அது பாலாடைக்கட்டி என்றும் சில முறை உடல் வியர்வை என்றும் எழுதிக் காட்டினார்கள். பாலாடைக்கட்டி என்று காட்டப்பட்டபோது அதே வாசனை இனிமையானதாக மதிப்பிடப்பட்டது. இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு வரை போகவேண்டியதில்லை; நம் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தாலே போதும். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரும் அந்தப் பிசினில் நிறைந்திருப்பவை கந்தகச் சேர்மங்கள். பழக்கமில்லாதவர்கள் அந்த வாசனையை அருவருப்பானது என்றே சொல்வார்கள். ஆனால் சாம்பாருக்குப் பெருங்காயம் தாளித்ததற்காக எந்தக் குடியிருப்பிலும் யாரும் விளக்கம் கேட்டதாக நான் அறிந்ததில்லை.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது இதனால்தான் என்னை வருத்துகிறது. வாடை பிடிக்காமல் ஒருவர் சன்னலைச் சாத்திக்கொள்வதில் எந்தப் பிழையும் இல்லை. அந்த வாடையை வைத்து அதைச் சமைத்தவரின் வீட்டையும் வளர்ப்பையும் அளக்கத் தொடங்கும்போதுதான் அது அநீதியாகிறது. இந்த அளவீடு நம்மிடையே மிகப் பழையது. நற்றிணையின் 45-ஆம் பாட்டில், கொடி அசையும் கடைத்தெருக்களையுடைய மூதூரின் செல்வர் மகன் ஒருவன் பரதவர் பெண்ணை நாடி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்து, அதைக் கவரவரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களிடம் உனக்கு என்ன அழகு தெரிகிறது, எங்கள் மேல் புலால் நாறுகிறது, தள்ளி நில் என்கிறாள். அதோடு அவள் நிறுத்தவில்லை. கடல் தரும் விளைச்சலில் வாழும் எங்கள் சிறிய நல்வாழ்க்கை உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிடத் தக்கதன்று, எங்கள் ஆட்களிலும் தலைமை சான்றவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காயும் சுறாவின் வாடையைக் கடலோரப் பெண் ஒருத்தி மானத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் மனைவி அந்த விவாதத்தைத் தனியாகவே எதிர்கொண்டிருக்கிறார். கருவாடு உங்களுக்குப் பிடிக்காமலேயே போனாலும், அவருக்காகப் பேசுவதற்கு அது தடையாக இருக்க வேண்டியதில்லை.

பிடிக்காமலேயே போவதும் நடக்கக் கூடியதுதான். சோயா அவரையை நொதிக்கவைத்து நூல்நூலாக இழுபடும்படி செய்யும் நாட்டோ என்னும் உணவு ஜப்பானின் கிழக்கில், குறிப்பாக மித்தோ நகரில், பெருமைக்குரியது. அதே நாட்டின் மேற்கில் ஒசாகா பக்கத்தில் அதைத் தொடாதவர்கள் ஏராளம். இரு சாராரும் ஒரே நாட்டில் நன்றாகவே வாழ்கிறார்கள்.

பிடித்ததுபோல் காட்டிக்கொள்வது மரியாதையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம். விருந்தினருக்கு உலர்மீன் படைப்பது நெய்தல் நிலத்தின் பழைய உபசாரம். எயிற்பட்டினத்துக்குச் செல்லும் பாணர்களுக்குப் பரதவர் வீடுகளில் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. உங்கள் அத்தை தன்னிடமுள்ள சிறந்ததை உங்கள் முன் வைக்கிறார். நீங்கள் நடித்தால், அடுத்தமுறை இன்னும் பெரிய சுறாத் துண்டுதான் இலைக்கு வரும். எனக்கு இது புதிது, மெல்ல மெல்லப் பழகுகிறேன், எதில் தொடங்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். சமைப்பவரை இந்தக் கேள்வியைவிட மகிழ்விப்பது வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் நெத்திலியில் தொடங்குங்கள். சிறிய மீன், விரைவில் காய்வது, வாடை குறைந்தது. தலையைக் கிள்ளிக் குடலை நீக்கி, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, மணல் போகும்வரை வெந்நீரில் பலமுறை அலசவேண்டும். அடுக்குமாடி வீட்டில் வறுவலைவிடக் குழம்பே நல்லது. சூடான எண்ணெய் வாடையை வீடெங்கும் பரப்பும், புளிக்குழம்பு அதை அடக்கும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி, கத்தரிக்காயும் மொச்சையும் சேர்ந்து கொதித்த குழம்பில் முதல்நாள் கருவாட்டையே தொடாதீர்கள். குழம்பில் ஊறிய கத்தரிக்காயை மட்டும் சோற்றோடு பிசைந்து உண்ணுங்கள். மறுநாள் காலை ஆறிய குழம்பைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போது ஒரு நெத்திலியை எடுத்துக்கொள்ளலாம். ஆறிய உணவிலிருந்து வாசனை குறைவாகவே எழும் என்பதால் மூக்கு இடையூறு செய்யாது. சுவையோ ஓர் இரவு ஊறியதில் கூடியிருக்கும். வாளையும் வஞ்சிரமும் அதற்குப் பின். சுறாவுக்கும் திருக்கைக்கும் அவசரமே இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவரானால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அலசினாலும் உப்பு முழுவதும் போய்விடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பச்சை மீன் விலை ஏறும் அந்த நாள்களில் கடலோர வீடுகளில் கருவாடுதான் கைகொடுக்கும். வெயிலும் நன்றாக இருக்கும். அடுத்த பயணத்தை அப்போது வைத்துக்கொண்டு, அத்தையுடன் சந்தைக்குப் போய்வாருங்கள். கையில் எடுத்தால் விறைப்பாக நிற்பதை வாங்கவேண்டும்; துவள்வதையும், மேலே இளஞ்சிவப்பு படர்ந்ததையும் ஒதுக்கவேண்டும். அந்தச் சிவப்பு உப்பிலும் வளரும் நுண்ணுயிர்களால் வருவது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கருவாடு சரியாகக் காயாது. வீட்டுக்கு வேண்டியதை அதற்கு முன்பே வாங்கி, காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியில் போட்டு வையுங்கள்.