ஊர்ப் பட்டத்தோடு அமெரிக்கா வந்திருக்கும் கவுன்சலர் தங்கைக்கு

ஊரில் சைக்காலஜி முதுகலை முடித்து ஆறு வருஷம் பள்ளியில் கவுன்சலராக இருந்தேன், இப்போது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் மேரிலாண்ட் வந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். "இங்கே உடனே வேலை பார்க்கலாமா அக்கா? அவருக்கு ஜார்ஜியாவுக்கு மாற்றலானால் லைசென்ஸும் கூட வருமா?" என்று இரண்டு கேள்வி.

உடனே முடியாது தங்கச்சி. ஆனால் முடியும். எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. அதில் இரண்டு வருஷம் வழி தெரியாமல் தொலைத்தவை. அந்த இரண்டு வருஷமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதற்குமான லைசென்ஸ் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் லைசென்ஸ் தரும் ஒரு போர்டு, ஒரு சட்டம், லைசென்ஸின் பெயர்கூட வேறு. மேரிலாண்டில் எல்.சி.பி.சி., டெக்சாஸில் எல்.பி.சி., நியூயார்க்கில் எல்.எம்.எச்.சி. செய்யும் வேலை ஒன்றுதான். மேரிலாண்டில் முதுகலையில் 60 கிரெடிட் (பாட அலகு) கேட்பார்கள். நம் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலும் பற்றாக்குறைதான் வரும். குறைந்த பாடங்களை ஈடுகட்ட அவசரப்பட்டு நான் ஓர் ஆன்லைன் படிப்பில் சேர்ந்தேன். முடித்த பிறகுதான் போர்டு அதை ஏற்காது என்று தெரிந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆகவே ஃபீஸ் கட்டும் முன் போர்டிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுன்சலிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் மாநிலம் மாறினாலும் சிக்கல் குறைவு.

படிப்புக்குப் பிறகு 200 கேள்விகள் கொண்ட என்.சி.ஈ. என்ற தேசியக் கவுன்சலர் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு, மேற்பார்வையில் 3,000 மணி நேரம். எச்-4-இல் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும்.

இனி ஜார்ஜியா. லைசென்ஸ் பார்ப்பது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டுமல்ல, பேச வருகிறவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதையும்தான். அதனால் வீடியோவில் என் முதல் கேள்வியே "இப்போ எங்கிருந்து பேசறீங்க?" எனக்கு இருப்பது மேரிலாண்ட் லைசென்ஸ். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு ஆபீஸ் வர்ஜீனியாவில். மதிய இடைவேளையில் காரை எடுத்துக்கொண்டு பொடோமாக் ஆற்றுப் பாலம் தாண்டி மேரிலாண்ட் கரையில் நிறுத்திவிட்டுத்தான் பேசுவாள். ஒருநாள் போக்குவரத்து நெரிசலில் பாலத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள். அவள் அழுவது திரையில் தெரிகிறது, நான் செஷனைத் தொடங்க முடியவில்லை. பத்திரமாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு நாள் குறித்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இதை மாற்றத்தான், ஒரு மாநில லைசென்ஸோடு ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் தொழில் செய்ய வழிவிடும் கவுன்சலிங் காம்பாக்ட் என்ற மாநில ஒப்பந்தம் வந்தது. 2021-இல் முதலில் சட்டம் போட்டவையே ஜார்ஜியாவும் மேரிலாண்டும்தான். 2022-இல் பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பிற மாநிலத்தில் தொழில் செய்யும் உரிமையைக் கையில் கொடுக்கத் தொடங்கியது 2025-இல், அதுவும் அரிசோனா, மினசோட்டாவில் ஆரம்பித்து. முழு லைசென்ஸ் பெற்றவர்களுக்கே இது பொருந்தும். 3,000 மணி நேரத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு இல்லை. அந்த நேரத்தில் மாநிலம் மாறினால், பழைய மணிகளில் எத்தனையைச் சேர்ப்பது என்பதைப் புது போர்டின் விதிதான் சொல்லும். வெளிநாட்டுப் பட்டத்தின் சுமையையும் இந்த ஒப்பந்தம் குறைக்கவில்லை. என் ஆதங்கம் அதில்தான். மாநில எல்லைக்குக் கதவு திறந்தவர்கள், அனுபவத்தோடு கடல் தாண்டி வருபவர்களுக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். சட்டம் நகரத்தான் செய்கிறது. 2024 ஜனவரியிலிருந்து முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நம் போன்ற கவுன்சலர்களுக்கும் பணம் தருகிறது. "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும்மா" என்று தமிழில் சொல்ல ஆள் தேடிய ஓர் அம்மா அந்த மாதமே என்னிடம் வந்தார்.

இன்னொன்று. லைசென்ஸ் வரும்வரை "லைஃப் கோச்" என்று ஆரம்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். எதிரே இருப்பவர் சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லும் நாளில் உங்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளரும் இருக்கமாட்டார், போர்டும் இருக்காது.

முதலில் மதிப்பெண் சான்றோடு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பல்கலைக்கழக முத்திரையோடு வரவழையுங்கள். வர மாதக்கணக்காகும், இன்றே எழுதிப் போடுங்கள்.