டப்பா வேண்டாம், ஒரு அட்டை போதும்

கேள்வி: எனக்கு 46 வயது. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நீடிக்கும் வலி நோய்) என்று சொல்லி, ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். பிரஷருக்கு நிஃபெடிபின். உடம்பு வலியில் தூக்கமே பிடிப்பதில்லை. ஆன்லைனில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின், 10 மி.கி. ‘கம்மி’ (மெல்லும் மிட்டாய்) வடிவில், 60 உள்ள டப்பா 1,200 ரூபாய். மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடையில் 3 மி.கி. மாத்திரை, 10 உள்ள அட்டை 80 ரூபாய். எதை வாங்கலாம்? – வாசகி, கடலூர்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் பிரஷர் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். நிஃபெடிபினால் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு ராத்திரியில் 5 மி.கி. மெலடோனின் 4 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, இறங்கியிருந்த பிரஷர் மறுபடி ஏறியது. உங்கள் விஷயத்தில் முதல் கேள்வியே இதுதான். வீட்டில் வேறு யாராவது இதைக் கேட்டால்: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு பயம் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்சமின், மெலடோனினை ஈரல் உடைக்கவிடாமல் தடுத்து ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும்.

டாக்டர் சரி என்றால் அட்டைதான். டப்பாவின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் 10 மி.கி.யை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் ‘ஒரு வேளைக்கு 2 கம்மி’ என்று பொடி எழுத்தில் இருந்தால் 60 கம்மி 30 நாளுக்குத்தான் வரும். நாளுக்கு 40 ரூபாய். மாத்திரை 8 ரூபாய். அமெரிக்காவில் 25 வகைக் கம்மிகளைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். 22-ல் லேபிளும் சரக்கும் ஒத்துப்போகவில்லை, ஒன்றில் மெலடோனினே இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் வந்து ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டால் எங்கே பிரித்து 10 மி.கி. எடுப்பது?

அந்த 10 மி.கி. ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 2014-ல் பிரேசில் ஆய்வொன்றில் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 63 பெண்களுக்கு 6 வாரம் கொடுத்தார்கள். அமிட்ரிப்டிலின் 25 மி.கி. மட்டும் சாப்பிட்டவர்களைவிட, மெலடோனின் 10 மி.கி. சாப்பிட்டவர்களுக்கும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் வலி கூடுதலாகக் குறைந்தது. விளம்பரம் எழுதுபவர்களுக்கு இது அல்வா சாப்பிடுவது போல. ஆனால் குழுவுக்கு 21 பேர்தான். வெறும் போலி மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவே கிடையாது. 3, 5 மி.கி.யிலும் சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. அதனால் 3-ல் தொடங்கக் கேளுங்கள்.

படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்றால் முன்னால் தள்ளுங்கள். வயிறு நிறைந்த கையோடு மெலடோனின் சாப்பிட்டால் சர்க்கரை கூடும். ‘எஸ்.ஆர்’ போட்ட மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, மெதுவாகக் கரையும் அமைப்பு கெட்டு மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அமிட்ரிப்டிலினும் தூக்கம் தரும் மருந்து. காலையில் தலை பாரமாக இருந்தால் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள். மெலடோனின் வருகிறதென்று அமிட்ரிப்டிலினை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

முதலில் ஒரே அட்டை. காலண்டரில் தினமும் வலிக்கு 10-க்கு எத்தனை, தூங்கியது எத்தனை மணி, காலை பிரஷர் எவ்வளவு என்று குறியுங்கள். பிரஷர் ஏறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஏறாவிட்டால் இன்னும் இரண்டு அட்டை வாங்கலாம். 30 நாளில் வலி எண் நகரவே இல்லையென்றால் அளவைக் கூட்டுவதா, நிறுத்துவதா என்று அந்தக் காலண்டரைக் காட்டிக் கேளுங்கள். பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள், அட்டையின் முனையை வெட்டினால் அதிலிருக்கும் அந்த எண் போய்விடும்.