காப்பகம் சேர்ந்த நாள் முதல் ஓயாத சளி
வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம் ஆகிறது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், ஐந்து மாதங்களுக்கு முன்பு அவனைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். அதுவரை ஒரே ஒரு முறைதான் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. சேர்த்த பத்தாம் நாள் ஆரம்பித்த மூக்கொழுகல் இன்றுவரை நின்றபாடில்லை. ஒன்று சரியாகி நான்கைந்து நாள் போவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதுவரை ஆறு முறை சளி, அதில் இரண்டு முறை காய்ச்சல். மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. “வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்” என்று உறவினர்கள் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விஷயங்களை முதலில் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஐந்து மாதங்களில் மகனின் எடை கூடியிருக்கிறதா? ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் இடையில் கிடைக்கும் அந்த நான்கைந்து நாள்களில் அவன் வழக்கம்போல் ஓடியாடி, சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறானா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று உங்களால் சொல்ல முடிந்தால், ஐந்து மாதத்தில் ஆறு சளி என்ற கணக்கு என்னைத் திடுக்கிட வைக்காது. காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த குழந்தையிடம் நாங்கள் எதிர்பார்க்கும் கணக்குதான் அது.

சின்னக் குழந்தைகளுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிக்கும். காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் அது 10, 12 என்று போவது சாதாரணம். ஒவ்வொரு சளியும் ஏழு முதல் பத்து நாள் இருக்கும். மூக்கு சரியான பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுத்துக்கொண்டு போகலாம். பன்னிரண்டு சளி, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: ஆண்டில் 120 நாள், அதாவது மூன்றில் ஒரு பங்கு நாள்கள், ஆரோக்கியமான ஒரு குழந்தையின் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அந்த 120 நாள்களும் ஆண்டு முழுவதும் பரவலாக வராமல் குளிர், மழை மாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதால், ஒரே சளிதான் மாதக்கணக்கில் விடாமல் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தோன்றிவிடுகிறது.

சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ரைனோவைரஸ் என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிராக உடல் கற்றுக்கொண்ட பாடம் மற்றொன்றிடம் அவ்வளவாகச் செல்லாது. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் புரதங்களும் பிறந்த ஆறேழு மாதங்களில் பெருமளவு கரைந்துவிடுகின்றன. வீட்டில் நான்கு பேருக்கு நடுவே வளர்ந்த உங்கள் மகன் இந்த வைரஸ்களில் மிகச் சிலவற்றைத்தான் அதுவரை சந்தித்திருந்தான். இப்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சந்திக்கிறான். எதிர்ப்பு சக்தி வேலை செய்வதால்தான் ஆறு முறையும் அவனே குணமாகி எழுந்திருக்கிறான்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் அறையில் ஓர் அரைமணி நேரம் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தால் மீதி விளங்கிவிடும். ஒரு குழந்தை பிளாஸ்டிக் கட்டையைக் கடித்துச் சுவைத்துவிட்டுக் கீழே போடுகிறது; எச்சில் காயும் முன் அடுத்த குழந்தை அதை எடுத்துத் தன் வாயில் வைக்கிறது. மூக்கைத் துடைத்த புறங்கையாலேயே ஒன்று மற்றொன்றின் கன்னத்தைத் தடவிக் கொடுக்கிறது. ரைனோவைரஸ் கையிலும் பொருள்களிலும் சில மணி நேரம் உயிரோடிருக்கும். அந்தக் கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் போதும்.

இது எத்தனை நாள் நீடிக்கும் என்பதுதான் அடுத்து உங்கள் மனத்தில் எழும் கேள்வி. பின்லாந்தின் துர்க்கு நகரப் பகுதியில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகம் சேருவதற்கு முன் மாதத்துக்கு ஏறக்குறைய 4 நாளாக இருந்த சளித் தொல்லை, சேர்ந்த இரண்டாம் மாதத்தில் 10 நாளைத் தாண்டி, ஒன்பதாம் மாதத்துக்குள் 6 நாள் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவின் டூசான் நகரில் ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள், பெரிய காப்பகங்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாகவும், பள்ளி செல்லும் 6 முதல் 11 வயதில் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்ததையும், 13 வயதில் இருதரப்பும் சமமாகிவிட்டதையும் பதிவு செய்தார்கள். சளி பிடிக்கட்டும் என்பதற்காக எவரும் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் உறவினர்களுக்குச் சொல்ல உங்களிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது: இந்தச் சளிகளில் பெரும்பகுதி இன்று வராவிட்டால் பள்ளியில் சேரும்போது வரும். வேலையை விடுவதும் தொடர்வதும் உங்கள் குடும்பம் பல காரணங்களை எண்ணி எடுக்க வேண்டிய முடிவு. மூக்கொழுகலை மட்டும் காரணமாக்கி அந்தச் சுமையை உங்கள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. நீங்கள் எந்தத் தவறும் செய்துவிடவில்லை.

என்னை உறுத்துவது சளியின் எண்ணிக்கையைவிட, மூன்று முறை ஆன்டிபயாடிக் என்ற வரிதான். குழந்தையை நேரில் பார்க்காத நான், பார்த்துக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. காதில் சீழ், நிமோனியா, பத்து நாளுக்கு மேலும் கொஞ்சமும் குறையாத மூக்கொழுகல் போன்றவற்றுக்கு அந்த மருந்து தேவைப்படலாம். ஆனால் சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கையும், பின்னாளில் உண்மையாகவே தேவைப்படும்போது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளையும்தான் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டதே என்று பலர் பதறுகிறார்கள். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. மூன்றாம் நான்காம் நாளில் சாதாரண வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும். அடுத்த முறை ஆன்டிபயாடிக் எழுதும்போது, “எந்த இடத்தில் பாக்டீரியா தொற்று இருப்பதாக நினைக்கிறீர்கள், டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி, இருமல் சிரப்புகளை 4 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். அவற்றால் சளி சீக்கிரம் போவதில்லை; அதிகத் தூக்கம், படபடப்பு, சில நேரம் மூச்சுத் தளர்ச்சி வரை கொண்டுபோய் விடும். ‘எதிர்ப்பு சக்தி டானிக்’ என்று விற்கப்படுபவற்றுக்குச் செலவிடும் பணத்தையும் மிச்சப்படுத்துங்கள்.

உண்மையில் உதவுவது மூக்கைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலை சற்றே பின்னால் சாயும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு சலைன் (மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு) விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு ரப்பர் உறிஞ்சியின் குமிழை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, நுனியை மூக்கின் வாசலில் மட்டும் வைத்து, மெதுவாக விரலைத் தளர்த்துங்கள். இளகிய சளி தானாக உள்ளே வந்துவிடும். உள்ளே நுழைத்தபின் அமுக்கினால் சளி பின்னுக்குத்தான் போகும். சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் செய்தால் போதும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைப்பு கூடிவிடும். குழந்தை நிச்சயம் கத்துவான். ஆனால் அன்றிரவு தூங்குவான். ஒரு வயதைத் தாண்டியவன் என்பதால், இரவு இருமலுக்குத் தூங்குமுன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் நஞ்சாகலாம் என்பதால் கூடவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். ஒரு நொடி தட்டிவிட்டால் போதும், சளியோடு வந்த குழந்தை தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும். கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் கீழே தடவாதீர்கள். மூக்கில் எண்ணெயும் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும்.

காய்ச்சலால் குழந்தை துவண்டால் பாரசிட்டமால் கொடுக்கலாம். அளவை வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், புட்டி மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

உங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிறு எழும்பி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எல்லை 50. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூச்சோடு முனகல் கேட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், எழுப்பினால் எழாத அளவுக்குச் சோர்ந்து கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, விட்டுப்போய் மீண்டும் வந்தாலோ, காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு நாள்காட்டியில் சளி இருந்த நாள்களை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். இப்படிக் கொண்டுவந்த ஒரு தாய், நடுவிலிருந்த வட்டமில்லாத நாள்களை நான் எண்ணிக் காட்டியபோதுதான் அவற்றை முதன்முதலாகக் கவனித்தார்.

கேள்வி: மகளுக்கு மூக்கு ஒழுகினால் காப்பகத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நானும் மனைவியும் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்து ஓய்ந்துவிட்டோம். லேசான சளியோடு அனுப்பக் கூடாதா?

பதில்: காய்ச்சல் இல்லாமல், வழக்கம்போல் விளையாடிச் சாப்பிடும் குழந்தையை அனுப்பலாம். சளி வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், மூக்கொழுகும் குழந்தைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்புவதால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலோ, பராமரிப்பவர் அவளையே தூக்கி வைத்திருக்க வேண்டிய நிலை என்றாலோ வீட்டில் வையுங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் அனுப்புங்கள். காப்பகத்தாரோடு வாதாடுவதைவிட, மூக்கைத் துடைத்துவிட்ட பின்பும் டயப்பர் மாற்றிய பின்பும் சோப்பால் 20 நொடி கை கழுவுகிறார்களா, வாயில் வைத்த பொம்மைகளை அன்றன்றைக்குக் கழுவுகிறார்களா, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் துண்டு இருக்கிறதா என்று கேட்பதில் பலன் அதிகம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் கையையும் உங்கள் கையையும் கழுவுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடலாம். முதல் ஆண்டில் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. சாதாரணச் சளியை அது தடுக்காது என்றாலும், ஃப்ளூவால் வரும் கடுமையான காய்ச்சலிலிருந்து காக்கும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவதுதான் அவளுடைய காதுக்கும் நெஞ்சுக்கும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கேள்வி: என் பேரனுக்கு மூன்று வயது. காப்பகம் போகத் தொடங்கிய பிறகு வந்த சளி போகவே இல்லை. எப்போதும் வாயைத் திறந்தபடியே இருக்கிறான், இரவில் பெரியவர்களைப்போல் குறட்டை விடுகிறான். இதுவும் சாதாரணச் சளிதானா?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது, அம்மா. நடுவில் ஒரு நாள்கூட நல்ல நாள் இல்லை என்றால் அதை வழக்கமான காப்பகச் சளி என்று விட்டுவிடக் கூடாது. குறட்டையும் வாயால் மூச்சு விடுவதும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை பெருத்திருப்பதைக் காட்டலாம். காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு என்றால் ஒவ்வாமை. ஒரு பக்கத் துளையில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மணியோ பஞ்சோ உள்ளே மாட்டியிருக்கும். ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா வந்திருந்தாலோ, எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, குடும்பத்தில் எதிர்ப்பு சக்திக் குறைபாடு உள்ளவர் இருந்தாலோ இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். உங்கள் பேரனை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும் முன், அவன் ஆழ்ந்து தூங்கும்போது முகமும் நெஞ்சும் தெரியும்படி, சத்தமும் கேட்கும்படி, இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குறட்டை நடுவில் நின்று, சில நொடி மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திடுக்கிட்டு மூச்சிழுத்தால் அந்த இடத்தைத் தவறாமல் மருத்துவருக்குக் காட்டுங்கள்.